ஒரே நிறத்தில் இரண்டு சிறுமிகள்

இங்கே லீட்ஸில், பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை மனம் நொந்து அழுதால் மறுநாள் அதன் பையில் ஒரு புத்தகம் வீட்டுக்கு வருகிறது. நம் ஊரில் என்றால் அழுத பிள்ளைக்கே நாலு திட்டு விழும். என் மகள் இனியாவுக்கு எட்டு வயது. வட்டமாக நின்று விளையாடும்போது ஒரு வெள்ளைக்காரப் பையன், உன் கை அழுக்கு நிறம் என்று சொல்லி அதைப் பிடிக்க மறுத்திருக்கிறான். வந்த படப் புத்தகத்தில் ஒரு கறுப்புச் சிறுமி. அவளோடு யாரும் ஊஞ்சல் ஆட மாட்டார்கள். கடைசிப் பக்கத்தில் எல்லோரும் சேர்ந்துவிடுகிறார்கள். இனியாவுக்கு அது பிடித்துப்போய், அவளுக்கென்று ஒரு பிரதி வாங்கிக் கொடுத்தேன்.

அவளுடைய டீச்சர் என்னைத் தனியாக உட்காரவைத்து, "சின்ன வயதில் உங்களுக்கும் இப்படி நடந்ததுண்டா?" என்று கேட்டார். நடந்தது என்றேன். "உங்கள் ஊரில் வெள்ளைக்காரர்கள் நிறைய இருந்தார்களா?" ஒருவர்கூட இல்லை என்றேன். அவருக்குக் குழம்பிவிட்டது. சிரமமாக இருந்தால் பேச வேண்டாம் என்று என் கையைத் தட்டிக்கொடுத்தார். நல்ல மனுஷி. அவருக்கு எங்கே தொடங்கி எதைச் சொல்வது?

எனக்குக் குறிஞ்சிப்பாடி பக்கம். "வீடு எங்க பாப்பா?" என்று யாராவது கேட்டாலே வேறு தெருவின் பெயரைச் சொல்லத் தோன்றும். காலனி என்று சொன்னதும் கேட்டவர் முகம் மாறும்; அதுவரை கொஞ்சிய கை பின்னால் போகும். இந்தக் கேள்வி எட்டாத தூரத்தில் என் பிள்ளை வளரட்டும் என்றுதான் விமானம் ஏறினேன். சாதி என்ற சொல்லையே அவள் காதில் போட்டதில்லை.

கோடை விடுமுறைக்கு அண்ணன் வீட்டுக்குப் போனோம். சிதம்பரத்தில், அண்ணாமலை நகரை ஒட்டி, ஒரு மாடியில் வாடகைக்கு இருக்கிறார். கீழே வீட்டுக்காரர் குடும்பம். அவர்கள் மகள் தர்ஷினிக்கும் எட்டு வயதுதான். மாடிப்படியில் உட்கார்ந்து இரண்டும் ஒட்டிக்கொண்டன. ஒரு நாள் நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது, இனியா படங்களைக் காட்டி அந்தக் கதையைத் தமிழில் சொன்னாள்.

தர்ஷினி கவனமாகக் கேட்டுவிட்டு, "எங்கம்மாவும் இப்டித்தான் சொன்னாங்க. உன்கூட படியில வெளையாடலாம், வூட்டுக்குள்ள கூப்புடக் கூடாதாம். நீங்க காலனி ஆளுங்களாம்" என்றாள். குரலில் வஞ்சமே இல்லை. வீட்டுப்பாடம் என்னவென்று சொல்வதுபோலச் சொன்னாள்.

இனியா தன் கையை அவள் கையோடு சேர்த்துவைத்துப் பார்த்தாள். பிறகு என்னிடம் ஓடிவந்தாள். "நாங்க ரெண்டு பேரும் ஒரே கலர்தானேம்மா? அப்புறம் எப்படிக் கண்டுபிடிச்சாங்க?"

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நேரே கீழே இறங்கப் போனவளை அண்ணன் மறித்தார். "போயி எதுனா கேட்டுப்புடாதம்மா. நாளைக்கே காலி பண்ணச் சொல்லிடுவாங்க. இதால ஏற்கனவே ரெண்டு வூடு மாறிட்டேன். கொழந்தைகிட்ட சும்மா எதுனா சொல்லி வையி." அவர்மேல் கோபம் வரவில்லை. அந்தப் பயம் எனக்கும் பழகியதுதான். ஆனால் நான் எதையாவது சொல்லி மழுப்பினால், குறை தன்னிடம்தான் என்று இந்தப் பிள்ளை நினைத்துக்கொள்ளுமே.

மறுநாள் கடலூர்க் கடற்கரைக்கு அழைத்துப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். இதற்கு என்னிடம் படப் புத்தகம் எதுவும் இல்லை. ஊர், காலனி, வேறு தெருவின் பெயரைச் சொல்லத் தோன்றியது என்று தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தேன். "தர்ஷினியோட அம்மா கடைசியில மாறிடுவாங்களா?" என்று மட்டும் கேட்டாள். தெரியவில்லை என்றேன்.

பள்ளி திறந்ததும், விடுமுறையில் படித்த புத்தகத்தைப் பற்றிப் படம் வரையச் சொல்லியிருக்கிறார்கள். இனியா அந்த ஊஞ்சல் கதைக்கு ஒரு கதவை வரைந்து, உள்ளே ஒருத்தியையும் வெளியே ஒருத்தியையும் நிறுத்தி, இருவருக்கும் ஒரே பழுப்பு நிறம் தீட்டியிருக்கிறாள். டீச்சர் குனிந்து பார்த்து, "ஒருத்திக்கு நிறம் மாற்ற மறந்துவிட்டாயே, கண்ணே" என்று வெள்ளைக் கிரேயானை எடுத்துக் கொடுத்தாராம். வீட்டுக்கு வந்த படத்தில், உள்ளே நின்றவள் பழுப்பின்மேல் வெள்ளை பூசி வெளிறிப்போயிருந்தாள்.

"மறக்கலைன்னு டீச்சர்கிட்ட சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"சொன்னா நம்ம ஊரைப் பத்தித் தப்பா நினைப்பாங்கல்லம்மா" என்றாள் இனியா.