சுகன்யாவும் என் வீட்டுச் சோலாரும்

என் வாய் சரியில்லாத வாய். இதை நான் சொல்லவில்லை, என் மனைவி பாவாயி முப்பத்தெட்டு வருடமாகச் சொல்லிவருகிறாள். அதனால் சுகன்யாவைப் பற்றிச் சொல்லும்போது நடுநடுவே எனக்குச் சத்தம் கூடினால் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெண் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. கோபமெல்லாம் என் மேல்தான்.

நான் செங்கோட்டையன். நாமக்கல்லில் முட்டை மொத்த வியாபாரம். அதற்கு முன்னால் இருபது வருடம் லாரி ஓட்டமும் விட்டுப் பார்த்தவன். வீட்டில் இரண்டு மகன்கள், இரண்டு மருமகள்கள், நான்கு பேரப்பிள்ளைகள். அறைக்கு ஒரு ஏசி ஓடும். ஆள் இல்லாத அறையிலும் ஓடும். சுவிட்சை அணைத்தால் விரல் தேய்ந்துவிடும் என்று நினைக்கிற கூட்டம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கரண்டு பில் வருகிற அன்று நான் யாரோடும் பேச மாட்டேன். அந்த ஒரு நாள்தான் வீடு அமைதியாக இருக்கிறது என்று பாவாயி சொல்வாள்.

போன வருடம் கார்த்திகையில் இளைய மகன் சோலார் போட்டுவிடலாம் என்று பேச்சை எடுத்தான். மாடி முழுக்க, பெரிதாக, பத்து கிலோவாட். விசாரித்து ஒரு போன் நம்பரும் கொடுத்தான். மறுநாள் காலை ஒரு பெண் ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். சுடிதாருக்கு மேல் ஆம்பிளை முழுக்கைச் சட்டை, தலையில் தொப்பி, சட்டைப்பையில் ஒரு டேப்பும் ஒரு சாக்பீஸும்.

"ஆளுங்க எப்ப வருவாங்க அம்மிணி?" என்று கேட்டேன்.

"நான்தானுங்க ஐயா ஆளு. மாடிப்படி எந்தப் பக்கம்?" என்றாள்.

அப்படித்தான் சுகன்யா எங்கள் வீட்டுக்குள் வந்தாள். பிறந்த ஊர் பனமரத்துப்பட்டி. அப்பா அம்மா அரளிப்பூ போட்டிருக்கிறார்கள். விடியுமுன் எழுந்து அரளி மொக்குப் பறித்துக் கொடுத்துவிட்டுத்தான் சேலத்துக்கு பஸ் ஏறி எலெக்ட்ரிகல் டிப்ளமோ படித்தாளாம். படித்து முடித்ததும் அங்கேயே செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மளிகை மண்டிக்கு மேல்மாடியில் இருந்த சோலார் ஆபீஸில் வேலை. ஏழு வருடம். அவளுக்குப் பிடித்தது மாடி. அவர்கள் உட்காரவைத்ததோ கம்ப்யூட்டர் முன்னால். ஆம்பிளைகள் மேலே ஏறிப் பேனல் மாட்டுவார்கள், இவள் கீழே உட்கார்ந்து கொட்டேஷன் அடிப்பாள். "கீழே இருந்து மிளகாய் நெடி, மேலே ஃபேன் சத்தம். ஏழு வருசம் வெய்யிலப் பத்தி டைப் அடிச்சேனுங்க, வெய்யில்ல நிக்க வுடல" என்று ஒருநாள் பாவாயியிடம் சொல்லிச் சிரித்தாள்.

கல்யாணமாகி நாமக்கல் வந்தாள். கணவன் இளஞ்செழியன் லாரி பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். நல்ல கைக்காரன். 'லாரிக்கு நீங்க அடிக்கிற அந்தச் சட்டத்தையே மாடிக்கு அடிச்சுக் குடுங்க' என்று அவனைப் பிடித்தாள். வயரிங்குக்கு ரமேஷ்குமார் என்றொரு ஆள். மூன்று பேரும் சேர்ந்து சொந்தமாக இறங்கினார்கள். சின்னச் சின்ன வீடுகள் நாலைந்து முடித்திருந்தார்கள். பெரிய வேலை என்றால் என் வீடுதான் முதல். "ஒரு வருசம் பாப்பேன். நிக்க முடியலைன்னா திரும்பவும் அந்த ஆபீசுக்கே போயிருவேன். வரச்சொல்லி இன்னும் கூப்பிட்டுட்டுத்தான் இருக்காங்க" என்றாள். அந்த வருடம் முடிய இரண்டு மாதம்தான் பாக்கி இருந்தது.

வேலை செய்கிற விதம் இருக்கிறதே, அப்பப்பா! எல்லோரும் வந்து மாடியை அளந்து ஒரு கணக்குச் சொல்வார்கள். இவள் ஒரு நாள் முழுக்க மாடியிலேயே கிடந்தாள். ஒன்பது மணிக்குத் தண்ணீர்த் தொட்டியின் நிழல் எங்கே விழுகிறதோ அதைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு. பன்னிரண்டு மணிக்கு ஒரு கோடு. நாலு மணிக்குத் தென்னை மர நிழலுக்கு ஒரு கோடு. மாடி முழுக்கக் கோலம். கோட்டுக்குள்ளே ஒரு பேனல்கூட வரக்கூடாது என்று சொல்லிவிட்டாள்.

"ஒரு சாண் நிழல்தானே, அதுல என்ன குடி முழுகிப்போச்சு?" என்றேன்.

"முழுகிருமுங்க ஐயா" என்றாள். அவ்வளவுதான்.

மார்கழிக் கடைசியில் பதினெட்டுப் பேனலும் ஏறின. சுவிட்சைப் போட்ட அன்று போனில் ஓர் ஆப் இறக்கிக் கொடுத்தாள். இன்றைக்கு எத்தனை யூனிட் என்று அதில் ஓடும். நாற்பத்திரண்டு, நாற்பத்துநாலு, நாற்பத்தைந்து! டீக்கடையில், முட்டை மண்டியில், கல்யாண வீட்டில், பந்தியில்கூட அதை எடுத்துக் காட்டினேன். நான் காட்டிய காட்டில் எங்கள் தெருவில் ஆறு வீட்டுக்காரர்கள் தங்களுக்கும் வேண்டும் என்றார்கள். தை மூன்றாவது ஞாயிறு பிள்ளையார் கோயில் முன்னால் தெருச் சங்கம் கூடும், அன்றே சுகன்யாவிடம் வேலையை ஒப்படைத்துவிடலாம் என்று பேச்சு. ஆறு வீடு கிடைத்தால் அவள் இனி யார் ஆபீஸுக்கும் போக வேண்டியதில்லை. அதைச் சொன்னபோது அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கணுமே!

இங்கேதான் நான் வருகிறேன்.

தை இரண்டாம் வெள்ளிக்கிழமை. இவ்வளவு பெரிய சாமான் வீட்டுக்கு வந்திருக்கிறது, ஊரே பார்த்துப் பெருமூச்சு விடுகிறது, கண் பட்டுவிடாதா? என் லாரி ஒவ்வொன்றையும் பட்டறையிலிருந்து வெளியே எடுக்கும்போது முன்னால் பட்டையும் பொட்டும் எழுதாமல் எடுத்ததில்லை. திருநீறு பூசினால் ஒரு வாரத்தில் காற்றோடு போய்விடும். பெயிண்டில் எழுதினால்தான் நிற்கும். லாரிக்கு எழுதும் மயில்சாமியைக் கூப்பிட்டேன். வெள்ளைப் பெயிண்டில், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை, இரண்டு விரல் கனத்தில் மூன்று பட்டை. நடுவில் சிவப்பில் உள்ளங்கை அகலப் பொட்டு. ஒன்றுக்குப் போட்டால் மற்றது கோபித்துக்கொள்ளும் பாருங்கள், பதினெட்டுக்கும் போடச் சொன்னேன். மயில்சாமி ரசித்து எழுதினான். என்ன அழகு! நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

"ஏனுங்க, அந்தப் புள்ளைய ஒரு வார்த்தை கேட்டுக்கலாமுல்ல?" என்றாள் பாவாயி.

"சாமி காரியத்துக்கு அவளை என்ன கேக்குறது?" என்று வாயை அடைத்துவிட்டேன்.

மறுநாள் ஆப்பில் பத்தொன்பது யூனிட். அதற்கு மறுநாள் பதினெட்டு. வானத்தில் ஒரு மேகம் இல்லை. ஞாயிறு சாயங்காலம் சுகன்யாவே கூப்பிட்டாள். அவள் போனிலும் அது தெரியுமாம். ஆத்தூர்ப் பக்கம் ஒரு வேலையில் இருந்தாள்.

"ஐயா, பேனல் மேல ஏதாச்சும் விழுந்துருக்குங்களா? தென்ன மட்டை, துணி, அந்த மாதிரி?"

"ஒண்ணும் விழுகல" என்றேன். உண்மைதானே! விழுந்தால் அல்லவா? நான் எழுதவைத்ததாயிற்றே. அது என் மண்டையில் ஏறவே இல்லை.

"புதன்கிழமை காத்தால வந்து பாத்துர்றேனுங்க" என்றாள்.

புதன்கிழமைவரை பொறுத்தேனா? திங்கட்கிழமை காலை டீக்கடையில் வைத்து ஆரம்பித்தேன். பழைய பேனலைத் துடைத்து என் தலையில் கட்டிவிட்டாள், ஏமாற்றுக்காரி, நம்பி ஏமாந்தேன், நீங்களாவது பிழைத்துக்கொள்ளுங்கள் என்று தெருக்கோடிவரை கேட்கும்படி கத்தினேன். எதிர்வீட்டுத் தமிழினி டீச்சர் ஆறு வீட்டுக்கும் சேர்த்துப் பேசிக்கொண்டிருந்தவர். அன்று இரவே அவர் சுகன்யாவுக்குப் போன் போட்டு, இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இதையும் கேட்டு, சரியான காரியம் என்று தலையாட்டினேன். என்ன மனுசனோ நான்!

புதன் காலை அவள் வந்தாள். என்னைப் பார்த்து ஒரு கும்பிடு. கண் இரண்டும் தூங்காத கண். ரமேஷ்குமாரும் அவளும் மாடிக்கு ஏறினார்கள். நான் கீழே நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தேன். பிறகு ரமேஷ்குமார் சிரிக்கிற சத்தம். அதன் பிறகு அவனை அவள் அதட்டுகிற சத்தம்.

"ஐயா, கொஞ்சம் மேல வாங்க."

போனேன். அவள் பேனல் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"இது யாருங்க எழுதுனது?"

"மயில்சாமி. நான்தான் எழுதச் சொன்னேன். கண்ணு படாம இருக்க."

அவள் ஒரு பட்டையை நகத்தால் கீறிப் பார்த்தாள். திட்டியிருக்கலாம். நானாக இருந்தால் மாடியிலிருந்து தள்ளியே விட்டிருப்பேன். அவள் என்னவோ பொறுமையாக, "பதினெட்டுப் பேரு வரிசையா நின்னு தண்ணி வாளி கை மாத்துறாங்கன்னு வைங்க. எல்லாத்து கையவும் பாதி கட்டிப்போட்டா தொட்டி ரொம்புமாங்க? இந்தக் கண்ணாடிக்குள்ள கட்டம் கட்டமா இருக்கே, அதுல ஒரு வரிசைய மறைச்சாலே அத்தோட சேந்த பாதி வேலை செய்யாதுங்க. நீங்க ஓரத்துக்கு ஓரம் மறைச்சுட்டீங்க" என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் சாக்பீஸோடு ஒரு நாள் முழுக்க நிழலுக்குப் பயந்து கிடந்தாள்; நான் போய் நிழலையே பெயிண்ட் அடித்து வைத்திருக்கிறேன்.

"பெயிண்டு கரைக்கிற தின்னர் ஊத்தித் தொடச்சுரலாம். ஒரு நிமிசம்" என்று எழுந்தேன்.

"ஐயோ, வேண்டாமுங்க! கண்ணாடி மேல ஒரு பூச்சு இருக்கு, அது போயிரும். கையாலதான் சொரண்டணும். அதுவும் வெய்யில் ஏறுறதுக்குள்ள. சூடான கண்ணாடில தண்ணி பட்டா வெடிச்சாலும் வெடிக்கும்."

வியாழன், வெள்ளி, சனி, மூன்று நாளும் காலை ஆறு மணிக்கு அவள் வந்தாள். இளஞ்செழியனும் வந்தான். பழைய ஏடிஎம் கார்டு ஆளுக்கொன்று, சோப்புத் தண்ணீர், பழைய வேட்டித் துணி. முதல் பட்டையைச் சுரண்டும் முன்னால் பாவாயி கற்பூரம் ஏற்றிக் காட்டினாள். சுகன்யா பேனலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்ட பிறகுதான் கார்டை வைத்தாள். நானும் முட்டி வலிக்க வலிக்கச் சுரண்டினேன். மருமகள்கள் மாடிப்படியில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிரிக்கட்டும். பாவாயி மட்டும் வெளிப்படையாகவே சிரித்தாள். "முப்பத்தெட்டு வருசமா நான் சொன்னதைக் காதுல வாங்குனீங்களா? இப்பச் சொரண்டுங்க" என்றாள். இளஞ்செழியன் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் பொண்டாட்டியை ஏமாற்றுக்காரி என்று கத்தியவனோடு அவன் ஏன் பேச வேண்டும்?

வியாழன் இருபத்தேழு. வெள்ளி முப்பத்தாறு. சனிக்கிழமை சாயங்காலம் நாற்பத்தைந்து. போனைப் பிடித்துக்கொண்டு பிள்ளை மாதிரி குதித்தேன். காலையில் விட்டுப்போன சாமான்களை எடுக்க வந்த சுகன்யா, அவற்றைத் துணிப்பையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்குச் சங்கத்துக்கு வந்துரு அம்மிணி" என்றேன்.

"எதுக்குங்க? அவங்கதான் வேண்டாமுன்னுட்டாங்களே. பரவாயில்லீங்க ஐயா, உங்க ஊட்டு வேலை நல்லா நடக்குது, அது போதும்" என்றாள். அவள் குரலில் கோபம் இருந்தால் தாங்கியிருப்பேன். இல்லை.

"நீ வா" என்றேன்.

அறுபத்தொரு வயதில் நான் யாரிடமும் 'என் தப்பு' என்று சொன்னதில்லை. லாரி கவிழ்ந்தபோதும் ரோட்டைத்தான் திட்டினேன். நாலு பேர் மத்தியில் எப்படி வாயைத் திறப்பேன் என்று அன்று இரவு முழுக்கப் புரண்டு புரண்டு படுத்தேன்.

ஞாயிறு காலை பிள்ளையார் கோயில் முன்னால் தெருவே உட்கார்ந்திருந்தது. சுகன்யாவும் இளஞ்செழியனும் கடைசியில் நின்றிருந்தார்கள். சாக்கடை, நாய்த்தொல்லை எல்லாம் பேசி முடிந்ததும் நான் எழுந்தேன். பட்டையும் பொட்டுமாகப் பேனல் நின்ற போட்டோ என் போனில் இருந்தது, அன்று பெருமைக்கு எடுத்தது. அதைத் தமிழினி டீச்சர் கையில் கொடுத்தேன்.

"என்னங்க இது? லாரி மூஞ்சி மாதிரி இருக்கு?" என்றார் டீச்சர்.

"என் ஊட்டுச் சோலாருங்க. நான்தான் பெயிண்ட் அடிக்கவச்சேன். அதனாலதான் கரண்டு கொறஞ்சுபோச்சு."

போன் கைமாறிக் கைமாறிப் போனது. ஒவ்வொரு கையிலும் ஒரு சிரிப்பு வெடித்தது. பூசாரிகூடத் தட்டை வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டார். நான் நின்றேன். சிரிப்பு அடங்கியதும் டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "அப்போ அந்தப் பொண்ண ஏமாத்துக்காரின்னு சொன்னீங்களே?" என்று கேட்டார்.



"சொன்னேனுங்க. என் தப்பு. அவ போட்ட வேலைல ஒரு குத்தம் கெடையாது. குத்தமெல்லாம் என் வாயிலதான். சாமி, சுகன்யா, என்னை மன்னிச்சுரு ஆத்தா."

அத்தனை நாளும் அழாத பெண் அப்போதுதான் அழுதாள். துப்பட்டாவில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். இளஞ்செழியன் முதல்முறையாக என்னைப் பார்த்துத் தலையசைத்தான்.

"ஆறு வீடு அப்படியே இருக்குதும்மா. நாளைக்கே என் மாடில இருந்து ஆரம்பிச்சுரு" என்றார் டீச்சர். பூசாரி, கோயிலுக்கும் ஒன்று சின்னதாகப் போட முடியுமா என்று கேட்டார். எல்லோரும் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் அவள் கூட்டத்திலிருந்து விலகி, கோயில் சுவர் ஓரமாக வந்து போனை எடுத்தாள். நான் அங்கேதான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். அவள் என்னைக் கவனிக்கவில்லை.

"சார், சுகன்யா பேசுறேங்க. நாளைக்கு ஆபீசுக்கு வந்துர்றேன்னு செவ்வாக்கெழமை சொல்லியிருந்தேன் இல்லைங்களா? வரலைங்க சார். என்னோட சீட்டுக்கு வேற ஆள் போட்டுக்கங்க."