நாலு கியரா, அஞ்சு கியரா?

போன மாதம் அம்மனிடம் பூப் போட்டுக் கேட்டோம். வழக்கமாக என்ன கேட்பார்கள்? பெண்ணுக்கு வரன் அமையுமா, பையன் வெளிநாடு போகலாமா, இந்த இடத்தில் போர் போட்டால் தண்ணீர் வருமா... நாங்கள் கேட்டது வேறு. பழைய பிக்கப் வண்டிக்கு எந்த கியர் பாக்ஸ் போடலாம்?

சிரிக்காதீர்கள். ஒரு குடும்பம் இரண்டாகிவிடும் நிலைமையில் இருந்தது.

தேவனாம்பட்டினத்தில் என் நண்பர் கலியமூர்த்தி. மீன் வியாபாரம். அவரிடம் மூக்கு நீண்ட ஒரு பிக்கப் உண்டு. அவருடைய கல்யாணத்துக்கு முன்பே பிறந்த வண்டி. ஒரு முறை புதுச்சேரிக்காரர் ஒருவர் வழியில் நிறுத்தி, நாலு பக்கமும் போட்டோ எடுத்துவிட்டு, "இது கிளாசிக் வண்டிங்க" என்றாராம். கலியமூர்த்தியின் மனைவி அஞ்சலை உடனே சொன்னது: "நாங்க ஓட்ட வண்டின்னு சொல்லுவோம். நீங்க கிளாசிக்னு சொல்றீங்களா? சரிங்க."

இந்த வண்டிக்கு இரண்டு எஜமானர்கள். விடிந்ததும் கடற்கரை மணலில் இறங்கும். அஞ்சலையின் தம்பி வெற்றிவேலுக்கு ஒரு ஃபைபர் போட் இருக்கிறது. அவர் பிடித்த மீன், வலை, போட் இன்ஜின் எல்லாவற்றையும் மணலிலிருந்து ரோட்டுக்கு ஏற்றிக்கொண்டு வரும். அதன் பிறகு அதே மீனோடு சிதம்பரம் மார்க்கெட்டுக்கு ஓடும். மச்சான் பிடிப்பார், மாமா விற்பார். நடுவில் இந்த வண்டி.

ஒரு நாள் ஆலப்பாக்கம் தாண்டியதும் வண்டிக்குள் எலும்பு முறிகிற சத்தம். கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போய் சிதம்பரம் பைபாஸ் பக்கம் நஜீர் பாய் பட்டறையில் விட்டார்கள். பாய் பரங்கிப்பேட்டைக்காரர். பல வருடம் கல்ஃபில் லாரிக்கடியில் படுத்திருந்துவிட்டு ஊர் திரும்பியவர். கியர் பாக்ஸ் எண்ணெயை வடித்தார். எண்ணெயோடு பல்லும் வந்தது.

"முடிஞ்சுபோச்சு கலியமூர்த்தி. இதுக்கு உள் சாமான் எங்கயும் கெடைக்காது. வேற பாக்ஸ்தான் மாத்தணும்."

சொல்லிவிட்டு இரண்டு கியர் பாக்ஸை உருட்டிக்கொண்டு வந்து சாக்கின் மேல் வைத்தார். பெண் பார்க்கப் போன வீட்டில் அக்காவையும் தங்கையையும் ஒன்றாக உட்கார வைத்தது மாதிரி!

"இது நாலு கியரு. மொத கியர் போட்டா செவுத்தக்கூட இழுத்துக்கிட்டு வரும். ஆனா ரோட்ல கத்தும், ஸ்பீடு வராது. இது அஞ்சு கியரு. அஞ்சாவதுல போட்டா சத்தமே இல்லாம பறக்கும். ஆனா மொத கியருக்கு இழுவ பத்தாது. மணல்ல லோடோட நின்னு எடுத்தா கிளட்ச் கருகிடும். அதோட, பின்னாடி போற ஷாப்ட வேற கொஞ்சம் வெட்டிக் கொறைக்கணும். எது வேணும்?"

எது வேணும் என்று மட்டும் நம் ஊரில் இரண்டு பேரைச் சேர்த்து நிற்கவைத்துக் கேட்கவே கூடாது.

"அஞ்சு" என்றார் கலியமூர்த்தி.

"நாலு" என்றார் வெற்றிவேல்.

"மச்சான், டவுன் பஸ்ஸெல்லாம் என்ன முந்திக்கிட்டுப் போவுதுடா. நான் மார்க்கெட் போயி சேர்றதுக்குள்ள நல்ல யாவாரம் முடிஞ்சி, பூனைக்குப் போட நிக்கிறவன்தான் நிக்கிறான்."

"மாமா, மணல்ல இருந்து வண்டி மேல ஏறுனாத்தான மார்க்கெட்டு? மீனு இன்னா, எறங்கி நடந்து வருமா?"

"ஒனக்கு மணல்ல கொஞ்ச நேரம். நான் ரோட்ல எவ்ளோ நேரம் லோல்படறேன்!"

"அப்ப அஞ்சே போட்டுக்க. நான் வேற வண்டி பாத்துக்குறேன். மீனையும் வேற ஆளுக்குப் போட்டுக்குறேன்."

அவ்வளவுதான். மீனை வேறு ஆளுக்குப் போடுவது என்றால், அந்தக் கரையில் அதற்குப் பெயர் சொந்தம் முறிந்தது.

அன்று சாயங்காலம் அஞ்சலை எனக்கு போன் செய்தார். "அண்ணே, இவுரு ஒரு பக்கம் போவாரு, அவன் ஒரு பக்கம் போவான். நான் எந்த வண்டியில ஏறுறது? நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லுங்க."

பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று இன்னமும் நம்புகிற நாலைந்து பேரில் அஞ்சலையும் ஒருவர். நம்பிக்கையைக் கெடுப்பானேன்? செல்போனில் வீடியோ பார்த்துப் படித்தேன். அமெரிக்கக்காரர் ஒருவர் இதே மாதிரி பழைய பிக்கப்புக்கு கியர் பாக்ஸ் தேர்ந்தெடுக்கிறார். "உங்கள் தேவை எது என்று முதலில் முடிவு செய்யுங்கள்" என்கிறார் நிதானமாக. அவருக்கென்ன, சொல்லுவார். அவருக்கு மச்சான் இல்லை!

நான் போய்ப் பேசினேன். இரண்டு பேருமே "அண்ணன் சொல்றது கரெக்ட்டு" என்றார்கள். ஒருவர் நாலிலும் ஒருவர் அஞ்சிலும் அப்படியே நின்றார்கள். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்பார்கள். எனக்கு இரண்டு காலுமே சேற்றில்.

கடைசியில் வெற்றிவேல்தான், "ஆத்தாவக் கேட்டுருவோம்" என்றார்.

வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். அம்மன் காலடியில் வைத்து, பூசாரி ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் இல்லை. காலம் காலமாக இப்படித்தான். ஆனால் அங்கேயும் ஒரு சிக்கல். நாலு போடலாமா என்று கேட்பதா, அஞ்சு போடலாமா என்று கேட்பதா? வெள்ளை தன் பக்கம்தான் இருக்க வேண்டும் என்று இரண்டு பேருக்கும் பிடிவாதம். பூசாரி கொட்டாவி விட்டார். "எதையாச்சும் ஒண்ணக் கேளுங்கப்பா. ஆத்தாளுக்கு வேற சோலி இல்லியா?"

மூத்தவர் என்று கலியமூர்த்திக்கு விட்டுக்கொடுத்தார்கள். "தாயே, அஞ்சு கியர் போடலாமா?"

வெள்ளை வந்தது.

வெற்றிவேல் விபூதியை எடுத்து நெற்றியில் பூசிக்கொண்டு, "ஆத்தா சொல்லிட்டா, சரி" என்று கிளம்பிவிட்டார். மறுநாள், வண்டி பட்டறையில் கிடந்ததால் மாமா ஏற்பாடு செய்திருந்த வாடகை வண்டியை விட்டுவிட்டு, வலையையும் இன்ஜினையும் வேறு யாருடைய டிராக்டரிலோ கரை ஏற்றினார். மீனை மட்டும் அக்கா கையில் கொடுத்துவிட்டு, மாமாவின் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார்.

ஜெயித்த கலியமூர்த்தி எப்படி இருந்தார் என்கிறீர்கள்? சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாராம். "ஜெயிச்சவரு மூஞ்சியாய்யா இது?" என்று அஞ்சலை வேறு குத்தியிருக்கிறார்.

அதற்கு மறுநாள் காலை எனக்கு நஜீர் பாயிடமிருந்து போன். பின்னால் மிஷின் சத்தம்.

"சார், இன்னா நடக்குது அங்க? காலையில மொத ஆளா வெற்றிவேல் வந்தாரு. 'பாய், அஞ்சே போட்டுருங்க, மாமா ஆசப்படறாரு, நல்லபடியா மாட்டுங்க'ன்னு சொல்லிட்டுப் போனாரு. இப்ப கலியமூர்த்தி போன் பண்றாரு. 'அஞ்சு வேணாம் பாய், நாலு போடுங்க, மச்சான் மொகமே சரியில்ல'ங்கறாரு. நான் ஷாப்ட மிஷின்ல வெச்சுக்கிட்டு நிக்கிறேன். வெட்டிட்டா வெட்டுனதுதான். சாமி சொன்னாலும் சரி, சம்சாரம் சொன்னாலும் சரி, யாராச்சும் ஒருத்தர் சொல்லுங்க!"

"வெட்டாதீங்க பாய், வரேன்" என்று ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கலியமூர்த்தி வீட்டுக்கு ஓடினேன். வாசலிலேயே சத்தம் கேட்டது. சமாதானம் ஆகியிருக்கும் என்று நினைத்தீர்களா? சண்டைதான். ஆனால் தலைகீழ்ச் சண்டை!

"அஞ்சுதான் மாமா. நீ ரோட்ல கஷ்டப்படக் கூடாது."

"யாருடா கஷ்டப்பட்டா? நாலுதான். நீ கண்டவன் டிராக்டர்ல ஏத்துறத என்னால பாக்க முடியாது."

"ஆத்தா வாக்கையே மீறுவியா?"

"அத நான் பாத்துக்குறேன். நீ யாரு கேக்க?"

சட்டையைப் பிடிக்கவில்லை, அதுதான் பாக்கி.

நம் ஆட்களிடம் இது ஒரு விசேஷம். விட்டுக்கொடுப்பதிலும் போட்டி. பஸ்ஸில் ஒரு சீட் காலியாகும். "நீங்க உக்காருங்க", "இல்லல்ல, நீங்க உக்காருங்க" என்று இரண்டு பேர் வாதாடிக்கொண்டிருக்கும்போது மூன்றாவது ஆள் உட்கார்ந்து தூங்கியே போய்விடுவார். பார்த்ததில்லையா நீங்கள்?

அஞ்சலை மீன் கூடையைத் தொப்பென்று கீழே வைத்தார்.

"ரெண்டு பேரும் வாய மூடுங்க. மெதுவா போறவன் லேட்டா வருவான். மணல்ல மாட்டிக்கிட்டவன் வரவே மாட்டான். நாலு போடச் சொல்லுங்கண்ணே பாய்கிட்ட."

"அப்ப மார்க்கெட்டு?" என்றார் வெற்றிவேல், இன்னமும் மாமாவுக்காக.

"ஒரு தூக்கம் கொறைச்சிக்கிட்டு கெளம்புனா மார்க்கெட்டு ஓடியா போயிடும்? நீயும் கூட ஏறு. பொட்டி எறக்க ஆளு இல்லாமத்தான் பாதி நேரம் போவுது. வண்டி மேல பழிய போடறாரு மனுசன்."

"ஆத்தா உத்தரவு, அக்கா..."

"ஆத்தாகிட்ட பொங்க வெச்சு நான் சொல்லிக்கிறேன். அவளும் பொம்பளதான், அவளுக்குப் புரியும்."

நான் பாய்க்கு போன் போட்டேன். "நாலு" என்றேன். "யாரு சொன்னா?" என்றார். "சம்சாரம்" என்றேன். "அப்ப சரி" என்று மிஷினை நிறுத்தினார்.

நேற்று காலை சிதம்பரம் போகிற வழியில், பரங்கிப்பேட்டைக்குத் திரும்புகிற இடத்தில் அந்த பிக்கப்பைப் பார்த்தேன். கத்திக்கொண்டு போனது. பஸ் முந்தியது, வேன் முந்தியது. கடைசியில் என் ஸ்கூட்டரே முந்தியது. ஹார்ன் அடித்துக் கை காட்டினேன். முன் சீட்டில் மூன்று பேரும் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர்கூட என்னைக் கவனிக்கவில்லை. ஜன்னல் வழியாகக் குரல் மட்டும் கேட்டது.

"புது டயரு பட்டையா போடணும் மாமா, மணலுக்கு."

"ஒல்லியாத்தான்டா போடணும், ரோட்டுக்கு!"

அஞ்சலை சிரித்துக்கொண்டிருந்தார்.