சீசர் சாலடும் ஊத்துக்குளிச் சம்பந்தமும்

எனக்கு நாக்கு நீளம். பேச்சில் அல்ல, சாப்பாட்டில். ஆர்டர் கேன்சல் ஆகி என் பனியன் கம்பெனியே முழி பிதுங்கி நின்றாலும், கல்யாணப் பந்தியில் இரண்டாம் தரம் பாயசம் கேட்கிற ஆள் என்று சொந்தபந்தத்தில் எனக்குப் பெயர். போன தை மாதம் வரை அதைப் பெருமையாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பையனுக்குப் பெண் பார்க்க ஊத்துக்குளிப் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டுக்குப் போனோம். நான், மனைவி, பையன் மட்டும்தான். எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. பெண் பார்க்கப் போன வீட்டில் காபி குடிக்கலாம், பலகாரத்தில் ஒரு துண்டு கடிக்கலாம். அதற்கு மேல் சாப்பாட்டில் கை நனைத்தால், எங்களுக்குச் சம்மதம் என்று அர்த்தம். நனைத்துவிட்டுப் பின்வாங்கினால் பெண் வீட்டாருக்கு அவமானம். எங்கள் வேலம்பாளையத்தில் கார் கிளம்பும்போதே மனைவி ஆரம்பித்துவிட்டாள்.

"ஏனுங்க, பையன் வாயத் தொறந்து சொல்ற வரைக்கும் காபியோட நிறுத்திக்கோணும். பார்த்துக்கோங்க."

"அட, நான் என்ன சோத்தக் காணாதவனா?" என்று எரிந்து விழுந்தேன்.

காபி குடித்து முடித்ததும் பெண் ஒரு பெரிய கண்ணாடிக் கிண்ணத்தோடு வந்தாள். நறுக்கென்ற பச்சை இலைகள், மேலே சீவிய சீஸ், பொன்னிறத்தில் ரொட்டித் துண்டுகள். கேட்டரிங் படித்தவள், அவளே செய்ததாம்.

"சீசர் சாலடுங்க மாமா."

"ரோமாபுரி ராசா பேரா கண்ணு?"

"இல்லீங்க, ஒரு சமையல்காரரு பேரு. நூறு வருசத்துக்கு முன்னாடி அமெரிக்காவுல சாராயத்துக்குத் தடை. சனங்க எல்லை தாண்டி மெக்சிகோவுக்குப் போயிக் குடிப்பாங்களாம். அங்க அவரு ஓட்டல் வெச்சிருந்தாரு. ஒரு லீவு நாள்ல கூட்டம் தாங்க முடியல, சமையக்கட்டுல சாமானெல்லாம் தீந்துபோச்சு. வந்தவங்களை வெறும் வயித்தோட அனுப்ப மனசில்லாம, மிச்சமிருந்த இலை, முட்டை, சீஸ், ரொட்டியெல்லாம் அவங்க மேசை முன்னாடியே கலந்து குடுத்தாராம். அப்படித்தான் சொல்றாங்க."

வந்தவர்களை வெறும் வயிற்றோடு அனுப்ப மனமில்லாதவன் மெக்சிகோவில் இருந்தால் என்ன, நம்ம ஆள்தானே! எப்படிச் செய்வது என்று கேட்டேன். பூண்டை உப்போடு நசுக்க வேண்டும். எலுமிச்சைச் சாறு, மிளகுத் தூள், நல்ல எண்ணெய் விட்டு அடிக்க வேண்டும். அங்கே பச்சை முட்டையும் மீனும் சேர்ப்பார்களாம். நம் வீட்டுக்கு ஆகாது என்று இவள் துணியில் வடிகட்டிய கெட்டித் தயிர் சேர்த்திருந்தாள். ரொட்டி அவர்கள் வீட்டு வெண்ணெயில் வறுத்தது. இலையைக் கழுவி ஈரமில்லாமல் துடைத்து, சாப்பிடப் போகும் நேரத்தில்தான் கலக்க வேண்டும் என்றாள்.

முள்கரண்டியால் ஒரு வாய் போட்டேன். அடடா! மொறுமொறுப்பும் புளிப்பும் வெண்ணெய் வாசமும் சேர்ந்து என்னை எங்கேயோ கொண்டுபோய்விட்டன. கரண்டியை வைத்துவிட்டுக் கையாலேயே அள்ளினேன். மனைவி இருமினாள். தண்ணி குடி என்றேன். சமையல்கட்டு நிலைப்படியில் நின்ற பெண்ணின் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வெங்காயம் நெறைய அரிஞ்சுட்டீங்களாட்ட இருக்குதுங்க!" என்று கேலி செய்தேன்.

"ஆமாங்க" என்று சிரித்தார். நான் கிண்ணத்தை நீட்டி இன்னும் கொஞ்சம் கேட்டேன்.

தின்று முடித்ததும் பெண்ணின் அப்பா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து தானே என் கையில் ஊற்றினார். அவர் முகமெல்லாம் சிரிப்பு.

"சம்பந்தி, முன்னாடி வந்தவங்கல்லாம் காபியோட எந்திரிச்சுட்டாங்க. அதனால இன்னைக்குச் சோறே ஆக்கலீங்க. செத்த இருங்க, ஒரு நொடியில ஆக்கச் சொல்றேன்."

சம்பந்தி என்ற சொல் காதில் விழுந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. மனைவி வேறு வேலை இருப்பதாகச் சொல்லி எழுந்துவிட்டாள்.

காரில் ஏறியதும் பையன் சொன்னான். "எனக்கு ஒத்து வராதுப்பா. அங்கயே கண்ணைக் காட்டினேன். நீங்க கிண்ணத்தை விட்டுத் தலையத் தூக்கவே இல்ல."

"அட கெரகமே!" என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "தின்ன வாய்தான் போன் பண்ணிச் சொல்லோணும். நான் சொல்ல மாட்டேன்."

ஆயிரம் முறை ஒத்திகை பார்த்தேன். சோறா தின்றேன், வெறும் இலைதானே, இதையெல்லாம் கை நனைத்த கணக்கில் சேர்க்கலாமா என்று நியாயம் பேசத் தயாராக இருந்தேன். அடுத்த நாள் காலையில் பெண்ணின் அப்பாவைப் போனில் கூப்பிட்டு, பையனுக்கு அமையவில்லை என்று மென்று விழுங்கினேன். அவர் சொன்னார்.

"பரவால்லீங்க. மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க. வெறும் எலைதழை தானுங்களே, சோறா சாப்பிட்டீங்க?"

நான் சொல்ல வைத்திருந்ததை அவரே எடுத்துக் கொடுத்துவிட்டார். சம்பந்தி என்று கூப்பிடவில்லை. அதற்கு அவர் திட்டியிருந்தால் தேவலை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவி கோயிலுக்குப் போன நேரத்தில், கடையில் லெட்யூஸ் இலை வாங்கிவந்து அந்தச் சாலடை நானே செய்தேன். ஏன் செய்தேன் என்று கேட்டால் நாக்குதான், வேறென்ன. பூண்டு நசுக்கினேன், தயிரை வடிகட்டினேன், ரொட்டியை வெண்ணெயில் வறுத்தேன். கடைசியில் வெங்காயத்தைக் கையில் எடுத்து, இதை அந்தப் பெண் எப்போது போடச் சொன்னாள் என்று யோசித்தேன். அவள் சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்குக் கொண்டுவந்தேன்.

வெங்காயம் அதில் கிடையவே கிடையாது. அன்றைக்கு அந்த வீட்டில் சோறும் ஆக்கவில்லை. அந்த அம்மா எதையும் அரியவில்லை. ஒருவன் தன் வீட்டில் கை நனைத்துவிட்டான், மகளுக்கு வழி பிறந்துவிட்டது என்று அழுதிருக்கிறார். அவரைக் கேலி செய்துகொண்டே நான் இன்னும் கொஞ்சம் கேட்டிருக்கிறேன்.