தலைவர் வீட்டு வாசலில் நெல்

நினைவு மண்டபக் காப்பாளர் வேலையில் பூட்டுவதும் திறப்பதும் சுலபம். நடுவில் ஜனங்கள் வருவார்கள். நீங்களும் பொதுமக்களோடு மல்லுக்கட்டிப் பிழைப்பவராக இருந்தால், இதை நான் விளக்க வேண்டியதில்லை.

தொட்டில்

கும்பகோணம் பக்கத்தில் விடுதலைப் போராட்டத் தலைவர் ஒருவர் பிறந்த வீடுதான் இந்த மண்டபம்; அதுவும் அதைச் சுற்றிய பூங்காவும் என் பொறுப்பு. உள்ளே அவர் கிடந்த தொட்டில் இருக்கிறது. கைக்குழந்தையோடு வந்த ஒருவர், பிள்ளையும் பெரிய ஆளாக வரட்டும், ஒரு நிமிஷம் அதில் போட்டு எடுக்கிறேன் என்று அடம்பிடித்தார். நான் மறுத்து மறுத்து ஓய்ந்துபோனேன். அதற்குள் அவர் மனைவி சுவரிலிருந்த வரலாற்றைப் படித்து முடித்திருந்தார். "வேணாங்க, இதுல படுத்தவரு பாதி ஆயுசு ஜெயில்ல இருந்திருக்காரு."

மாலையும் கழுத்துமாக

திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் முடித்த கையோடு ஒரு தம்பதி வந்தார்கள். தலைவர் கல்யாணமே செய்துகொள்ளாமல் நாட்டுக்கு உழைத்தார் என்று பெருமையாகச் சொன்னேன். அந்தம்மா கணவரை ஒரு பார்வை பார்த்தார். "கல்யாணம் பண்ணியும் வீட்டுக்கு ஒரு துரும்பைக் கிள்ளிப் போடாதவரை இன்னிக்கு ரெண்டாந்தடவையா கட்டிக்கிட்டு வர்றேன்."

தார்ப்பாய்

மறுநாள் தலைவர் பிறந்தநாள் விழா. ஏற்பாட்டைப் பார்க்க அதிகாரி சாயங்காலம் வருவதாக இருந்தது. அவர் திருப்தியானால்தான் என் தற்காலிக வேலை நிரந்தரமாகும். அன்று காலை எதிர்வீட்டு மேரி அக்கா வந்து நின்றார். மழையில் நனைந்த குறுவை நெல்லை, ஈரம் அதிகம் என்று கொள்முதல் நிலையத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். "இன்னிக்குக் காயலைன்னா முளைச்சிடும் தம்பி." ஊரிலேயே பெரிய சிமெண்ட் தரை எங்கள் மண்டப வாசல்தான். மனசு கேட்கவில்லை, கேட்டைத் திறந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் தெருவே நெல்லோடு வந்துவிட்டது.

மத்தியானமே அதிகாரியின் ஜீப் வந்து நின்றது. வாசலில் இருக்கும் தலைவர் சிலையின் காலடி வரை நெல். அதே நேரம் வானமும் கறுத்தது. இறங்கியவர் யாரென்று தெரியாத மேரி அக்கா, "என்னங்க பாத்துக்கிட்டு நிக்கிறீங்க, அந்த முனையைப் புடிங்க" என்று தார்ப்பாயை அவர் கையில் திணித்தார். அதிகாரி செருப்பைக் கழற்றிவிட்டுப் பிடித்தார். எல்லாரும் சேர்ந்து நெல்லைக் குவித்து மூடிய பிறகுதான் தூறல் விழுந்தது. நான் கையைப் பிசைந்துகொண்டு பக்கத்தில் போனேன். அவர் குரலைத் தாழ்த்தினார். "என் மாமனார் நெல்லும் நனைஞ்சுதான் கிடக்கு, நாளைக்கு விழா முடிஞ்சதும் கொஞ்சம் இடம் இருக்குமா?"

வேலை நிரந்தரமாகிவிட்டது, ஆனால் அறுவடைக் காலத்தில் நான் மண்டபக் காப்பாளரா, களத்துக் காவல்காரனா என்று கேட்டால் வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வேன்.