தெருவெல்லாம் தேடிய சிக்னல்

ஒன்பது வீட்டுக்காரர்களைச் சந்தேகப்பட்ட பிறகுதான் எங்கள் மொட்டை மாடி எனக்கு ஞாபகம் வந்தது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால், மீதியைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் வெட்கம் குறையும்.

போன வருஷம் தசரா விடுமுறை முடிந்த வாரம். பெங்களூரு லிங்கராஜபுரத்தில் மாடி வீடு எங்களுடையது. கீழ் வீட்டில் ஒரு தம்பதி. கணவருக்கு வாரம் மூன்று நாள், காலை ஏழு மணிக்கு டயாலிசிஸ். மனைவிதான் காரோட்டிக் கூட்டிப் போவார். அந்தச் சனிக்கிழமை கார் ரிமோட் திடீரென்று வேலை செய்யவில்லை. சாவி போட்டுத் திறந்தால் அலாரம் ஊளையிடுகிறது, வண்டி கிளம்ப மறுக்கிறது. அலாரத்தை அடக்கவும் அதே ரிமோட்தான் வேண்டும். மெக்கானிக் ரிமோட்டைக் கடைக்குக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, நன்றாகத்தான் இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அங்கேதான் நான் மூக்கை நுழைத்தேன். என்னிடம் ஹாம் ரேடியோ லைசென்ஸ், அதாவது பொழுதுபோக்காக வயர்லெஸ்ஸில் பேச அரசாங்கம் தரும் அனுமதி, இருக்கிறது. வாங்கிய நாளிலிருந்து அதனால் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை.

"பக்கத்துல எதோ ஒண்ணு நிக்காம சிக்னல் அனுப்பிட்டு இருக்கு சிஸ்டர். அந்தச் சத்தத்துல ரிமோட் பேசறது காருக்குக் கேக்கல. வியாழக்கிழமைக்குள்ள பிடிச்சிடறேன்."

"பிடிங்க பிரதர். ஆட்டோவுல தூக்கித் தூக்கிப் போட்டு அவருக்கு வாந்தி வருது," என்றார்.

காரை நாலு வீடு தள்ளி உருட்டிக்கொண்டு போயிருந்தாலே ரிமோட் வேலை செய்திருக்கும். அவ்வளவு சுலபமான யோசனையெல்லாம் என் தலைக்குள் வராது. பி.வி.சி. குழாயில் பழைய இரும்பு இஞ்சு டேப்பைத் துண்டு துண்டாக வெட்டிக் கட்டி, ஆன்டெனா செய்தேன். பெரிய மீன் முள் மாதிரி இருந்தது. அதை எந்தப் பக்கம் நீட்டும்போது என் வாக்கி டாக்கியின் திரையில் சிக்னல் கோடுகள் அதிகமாக ஏறுகின்றனவோ, அந்தப் பக்கத்திலிருந்து சிக்னல் வருகிறது என்று அர்த்தம். அதைத் தூக்கிக்கொண்டு நான் தெருவில் இறங்கியதும் ஒருவர் "கேபிளா சார்?" என்றார். இன்னொருவர் மெட்ரோவுக்கு இடம் அளக்கிறேன் என்று நினைத்து, தன் வீடு தப்புமா என்று கேட்டார்.

எட்டு வீட்டுக் கதவைத் தட்டிச் சலித்த பிறகு, எதிர்வீட்டுத் தகரக் கூரைப் பக்கம் நீட்டினேன். கோடுகள் கிடுகிடுவென்று ஏறின. அந்த வீட்டுக்காரர் கன்னடக்காரர், பொறுமைசாலி. மெயினை அணைக்கச் சொன்னேன், அணைத்தார். கோடுகள் அசையவில்லை. இன்வெர்ட்டரையும் பிடுங்கச் சொன்னேன்.

"ஏனு சார், ஃபேன் போச்சு, ஃப்ரிட்ஜ் போச்சு, இன்வெர்ட்டரும் போச்சு. நான் ஒருத்தன்தான் பாக்கி. என்னையும் ஆஃப் பண்ணிடவா?"

செவ்வாய்க்கிழமையும் அவர்கள் ஆட்டோவில்தான் போனார்கள். திரும்பி வந்த கணவர் வீட்டுக்குள் போகக்கூடத் தெம்பில்லாமல் வாசல் படியில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். நான் மீன் முள்ளோடு அவரைத் தாண்டிப் போனேன். அவர் என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். அது இன்னும் உறுத்துகிறது.

வியாழக்கிழமை காலை ஆறேகால். இரண்டு ஆட்டோக்கள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் போக, கீழ் வீட்டு சிஸ்டர் கணவரை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுத் தெருவைப் பார்த்தபடி நின்றார். நான் கீழே வந்து, செருப்பு மாட்டக் குனிந்தேன். கக்கத்தில் இருந்த ஆன்டெனாவின் முனை வானத்தைப் பார்த்தது. கையிலிருந்த திரையில் கோடுகள் முழுக்க ஏறி நின்றுவிட்டன.

ஐந்து நாளாகக் கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு என்று சுற்றியவன், மேலே மட்டும் ஒருமுறைகூட நீட்டிப் பார்க்கவில்லை.

மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நான் செய்த பெட்டி ஒன்று உண்டு. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை, தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று சமையலறை விளக்குக்கு, கார் ரிமோட் பேசும் அதே அலைவரிசையில் சிக்னல் அனுப்பும். ஆயுத பூஜை அன்று லேப்டாப், ஸ்கூட்டர், மிக்சி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்த பக்தியில், மூடி தொலைந்துபோன அந்தப் பெட்டிக்குள் சர்க்யூட் போர்டின் மேலேயே சந்தனத்தைக் குழைத்து அப்பியிருந்தேன். ஈரம் மெல்ல உள்ளே இறங்கி, அந்தச் சனிக்கிழமை முதல் அது வாயை மூடவே இல்லை. சமையலறையில் பச்சை விளக்கு அசையாமல் எரிந்ததைப் பார்த்து, இந்த வாரம் தண்ணீருக்குக் கவலையில்லை என்று சந்தோஷப்பட்டேன். எதிர்வீட்டில் நான் பிடித்தது, தகரத்தில் பட்டுத் திரும்பிய என் சிக்னலையேதான்.

மேலே ஓடி வயரைப் பிடுங்கிவிட்டு, ரிமோட்டை அமுக்கச் சொல்லிக் கத்தினேன். கீழே கார் "க்விக்" என்றது.

பேசாமல் இருந்திருந்தால் நான்தான் அன்றைக்கு ஹீரோ. ஆனால் அந்த வாசல்படிச் சிரிப்பு விடவில்லை. ஓடிவந்து மூடிய கேட் முன்னால் நின்று, பெட்டி, சந்தனம், தகரம், அலை எப்படித் திரும்புகிறது என்று கைகளை ஆட்டி ஆட்டி எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். கணவர் காரில் ஏறி உட்கார்ந்துவிட்டார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்தவருக்கு உதவப் போய், என் கெட்டிக்காரத்தனத்தை நீட்டி முழக்கத் தோன்றும்போதெல்லாம், கார் கண்ணாடியை இறக்கி சிஸ்டர் அன்று சொன்னதுதான் இன்றும் என் வாயை அடைக்கிறது.

"கேட்டத் திறங்க பிரதர், டைம் ஆச்சு."