பதினேழாம் எண் குடுவை

"நூத்திப் பன்னெண்டு" என்றாள். எண்ணும் கருவியைப் பூஜ்யத்துக்குத் திருப்பிவிட்டு, நுண்ணோக்கியின் கீழிருந்த குடுவையைச் சற்று நகர்த்தி மறுபடி முதல் கட்டத்திலிருந்து தொடங்கினாள். மூன்றாவது முறை.

"எத்தன தடவ எண்ணினாலும் அதேதான வரும், நலோங்கோ" என்றேன்.

"தேசோக்காரனுக்கு எண்ணிக்கையப் பத்தி என்ன தெரியும்? கேழ்வரகுக் கள்ளுப் பானையில எத்தன குழல்னு எண்ணுவ. போ, ஓமோடிங், உன் தொட்டியப் போய்ப் பாரு."

போனேன். நான் கிழக்கே தேசோ இனத்தவன்; எங்கள் ஊரில் ஒரே பானையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு நீளக் குழலால் கள்ளு குடிப்போம். திரவ நைட்ரஜன் தொட்டியும் அதற்குள் உறைந்திருக்கும் குப்பிகளும் என் பொறுப்பு.

அவள் சொந்தப் பெயர் நாகாஸி. இரட்டைப் பிள்ளை பெற்ற நாளிலிருந்து யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. கம்பாலாவில் இரட்டையரைப் பெற்றவள் நலோங்கோ. பிள்ளைகளில் ஒன்று இல்லாமல் போனாலும் நலோங்கோதான்.

ஆணின் இரத்தக்குழாயும் பெண்ணின் இரத்தக்குழாயும் ஏன் ஒரே மாதிரி மூப்படைவதில்லை என்பது எங்கள் ஆய்வகத்தை நடத்தும் டாக்டர் முகீபியின் கேள்வி. அதற்காக ஆணும் பெண்ணுமாய்ப் பிறக்கும் இரட்டையரின் தொப்புள்கொடிகளை வாங்கி வருவோம். கொடியின் இரத்தக்குழாயில் உள்சுவர்ச் செல்களைப் பிரித்தெடுத்து வளர்ப்போம். குடுவை நிறைந்தால் இரண்டாகப் பிரிப்போம். சில மாதங்களில் செல்கள் பெருகுவதை நிறுத்திவிடும். செத்துப்போவதில்லை. தட்டையாகப் பரந்து, சும்மா கிடக்கும். சாயம் போட்டால் அப்படி நின்றுபோனவை மட்டும் நீலமாகும்.

ஒன்பது வருடத்துக்கு முன் நலோங்கோ தன் இரட்டையரின் கொடிகளையும் கொடுத்தாள். பதினேழு, கட்டோ, ஆண். பதினெட்டு, பபிர்யே, பெண். குடுவையில் எண் மட்டும்தான் இருக்கும். ஆனால் அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்று எங்களுக்கும் தெரியும்.

கட்டோவுக்கு நாலு வயதில் ஒரு மாலை காய்ச்சல் வந்தது. மாத்திரை கொடுத்தாள். காலையில் மருத்துவமனைக்குப் போகலாம் என்று படுக்க வைத்தாள். இரட்டையரை இங்கே இறந்தார்கள் என்று சொல்வதில்லை. பறந்துவிட்டான் என்றார்கள். அவளையும் அப்படித்தான் சொல்லச் சொன்னார்கள், சொன்னாள். இருவருடைய உலர்ந்த தொப்புள்கொடித் துண்டுகளையும் மரப்பட்டைத் துணியில் சுற்றித் தகர டப்பாவில் வைத்திருந்தாள். அடுத்த மழையில் அவள் குடியிருக்கும் ப்வாய்ஸே முழுக்க வெள்ளம். டப்பா போயிற்று.

மிச்சம் இருந்தது என் தொட்டியில்தான். பதினெட்டில் ஆறு குப்பிகள். பதினேழில் ஒன்று. ஆண் செல்கள் அந்த ஜோடியில் முன்பே களைத்துவிட்டன. அந்த ஒன்றும் பலமுறை பிரித்த பிறகு உறைய வைத்தது.

போன மாதம் நைட்ரஜன் வண்டி பதினோரு நாளாக வரவில்லை. தொட்டிக்குள் கோலை விட்டுப் பார்த்தேன். நாலு விரல் உயரம். அது வற்றினால் குப்பிகளில் இருப்பதெல்லாம் செத்துப்போகும்.

"நாளைக்கு வருமா?" என்றாள்.

"வரும்னுதான் சொல்றாங்க. முந்தாநாளும் அதத்தான் சொன்னாங்க."

பதினேழை எடுத்து வெதுவெதுப்பான நீரில் வைத்து உருக்கிக் குடுவையில் ஊற்றினாள். மறுநாள் காலை பத்து மணிக்கு வண்டி வந்தது. அந்த வயதுச் செல்களை இன்னொரு முறை உறைய வைத்தால் எழாது.

"அன்னைக்கு விடியட்டும்னு இருந்தேன்" என்றாள் என்னிடம். "இந்தத் தடவ இருக்கக் கூடாதுன்னு நெனச்சேன்."

டாக்டர் திட்டவில்லை. ஆய்வில் சேர்க்க முடியாது என்றார். வளர்பெட்டியில் ஒரு மூலை கொடுத்தார். மூன்று வாரம் எண்ணிக்கை கூடாவிட்டால் சாயம் போட்டு முடித்துவிடுவது எல்லாக் குடுவைக்கும் விதி, இதற்கும் அதுதான். முதல் வாரம் நூற்றுப் பதினைந்து, அடுத்த வாரம் நூற்றுப் பதினான்கு. இது மூன்றாவது வாரம்.

டாக்டர் வந்து அவள் பின்னால் நின்றார்.

"எத்தனம்மா?"

நூற்று முப்பது என்று சொல்லியிருக்கலாம். யாரும் சரிபார்த்திருக்க மாட்டோம்.

"நூத்திப் பன்னெண்டு. கூடல, டாக்டர்."

"இன்னும் ஒரு வாரம் இருக்கட்டும்."

"எதுக்கு?"

"சும்மாதான். எடம் இருக்கு."

"பதினெட்டாம் நம்பர்க் குடுவை நாளைக்கு ரெண்டா ஆகும். அதுக்கு எடம் வேணும்."

"சரி. ஓமோடிங் சாயம் போடட்டும்."

"உயிரோடதான் இருக்காங்க" என்றாள் அவள், நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல். "நானே போடறேன்."

முதலில் ஊற்றும் திரவத்திலேயே செல்களின் உயிர் போய்விடும். அதை ஊற்றினாள். பிறகு சாயம். பெட்டிக்குள் வைத்தாள். மாலையில் எடுத்துப் பார்த்தோம். எல்லாம் நீலம்.

மறுநாள் வியாழன். எட்டு மணிக்கு வந்தாள். பதினெட்டாம் எண் நிறைந்திருந்தது. இரண்டாகப் பிரித்து, தேதி எழுதி, உள்ளே வைத்தாள். நான் தொட்டியை நிரப்பினேன். பதினேழின் இடத்தில், புதிதாக வந்த ஒரு ஜோடியின் குப்பியை வைத்தேன். மதியம் மடோகே என்கிற வாழைக்காய் மசியலும் வேர்க்கடலைக் குழம்பும் சாப்பிட்டோம். நாலு மணிக்கு பபிர்யேவைப் பள்ளியிலிருந்து அழைத்துவரக் கிளம்பினாள்.