கறுப்புப் பாலித்தீனில் ஒரு ஜோடி ஷூ

அந்த ஷூ என்னுடையதன்று என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அது என் அண்ணனுக்கு வந்தது.

புத்தாயிரம் பிறந்து மூன்று நான்கு வருடங்கள் ஆகியிருந்தன. வளைகுடாவில் ஒரு செல்வந்தர் வீட்டில் டிரைவராக இருந்த எங்கள் தாய்மாமா விடுப்பில் எங்கள் ஊர் அனுமந்தன்பட்டிக்கு வந்தபோது, அதைப் பெட்டியோடு அண்ணன் கையில் கொடுத்தார். அந்த வீட்டுப் பிள்ளை ஷூக்களை வாங்கிக் காலில் போடாமலே அடுக்கி வைப்பவனாம். அலுத்துப்போன ஒரு ஜோடியை மாமாவிடம் தந்திருக்கிறான்.

"ஓடுறவனுக்குத்தானடா ஷூ. போட்டு ஓடு," என்றார் மாமா. அண்ணன் அப்போது காவலர் தேர்வுக்காகக் கண்மாய்க் கரையில் வெறுங்காலோடு ஓடிப் பழகிக்கொண்டிருந்தான்.

அவனைத் தடுத்தவன் நான். உத்தமபாளையத்து பிரௌசிங் சென்டரில் அந்தப் பெட்டியின் மேலிருந்த எண்ணைத் தட்டிப் பார்த்தேன். அதே ஷூ இணைய ஏலத்தில் இருந்தது. விலைக்குப் பக்கத்தில் 'டெட்ஸ்டாக்' என்று போட்டிருந்தது. எங்கள் கடைவீதியில் அந்தச் சொல்லுக்குப் பொருள், விற்காமல் தூசி படிந்து கிடக்கும் சரக்கு. ஷூ சேகரிப்பவர்களிடமோ, ஒருமுறையும் கால் படாதது, ஆகவே உச்ச விலை பெறுவது. ஒரே சொல் இரண்டு அணிக்கும் உதவுகிறது. கல்லூரிப் பட்டிமன்றங்களில் எந்த அணியில் நிறுத்தினாலும் வென்று வந்த எனக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

"ஒரு தடவ போட்டா முன்பக்கம் மடிப்பு விழுந்துரும்ணே. அடி தேயும். பாதி வெல போயிரும். போடாம வச்சிருந்தா வருசத்துக்கு வருசம் ஏறும்."

"கால்ல போடுறதுக்கு வெல ஏறுமாடா? கேக்குறவுக சிரிப்பாக," என்று சிரித்தாள் அம்மா.

"ஒங்க தோட்டத்து மொதலாளி ஏலக்காய மூட்டையாக் கட்டி வச்சு, வெல ஏறுனதும் விக்கலையாம்மா?"

அம்மா சிரிப்பை நிறுத்தினாள். குமுளிக்கு மேலே ஏலத்தோட்டத்துக்குத் தினமும் ஜீப்பில் போய் வருபவள் அவள். காயின் பச்சை மங்காமல் இருக்க, அங்கே கறுப்புப் பாலித்தீன் பைக்குள் இட்டு வாயை இறுக்கிக் கட்டுவார்கள்.

"அப்ப காத்துப் படாமக் கட்டணும்டா. காத்துப் பட்டா நெறம் போயிரும்," என்று மறுநாளே இரண்டு பைகள் கொண்டுவந்தாள். நான் ஷூவை ஈரத்துணியால் துடைத்து, பெட்டியில் வைத்து, ஒரு பைக்குள் ஒரு பையாக இட்டுச் சணல் கயிற்றால் இறுக்கினேன். அடுப்புக்கு மேலிருந்த பரணில் ஏற்றினோம். விற்கும் நாள்வரை அவிழ்ப்பதில்லை என்பது ஏற்பாடு. அந்தப் பணத்தில் நான் மதுரையில் சட்டம் படிப்பது என் திட்டம். அதை மட்டும் என் வாதத்தில் நான் சேர்க்கவில்லை.

அடுத்த சில வருடங்களில் அண்ணன் இரண்டு தேர்வுகளின் ஓட்டத்தில் சில விநாடி வித்தியாசத்தில் தோற்றான். வயது வரம்புக்குள் இன்னும் ஒரே ஒரு தேர்வுதான் மிச்சமிருந்தது. அதற்கு முன்பு, அவன் வேலைக்குப் போகும் திராட்சைத் தோட்டத்தில் பந்தல் கம்பி கிழித்து அவன் குதிங்காலில் காயமாகிவிட்டது.

"ஏலே, ஒரு மாசம் அதப் போட்டுப் பழகிக்கிறேன்டா. வெறுங்கால் தாங்கல."

மறுபடியும் பேசினேன். பழகுவதற்குக் கேன்வாஸ் ஷூ போதும். இதைத் தேர்வு நாளன்று மட்டும் போடு. 'ஒருமுறை போட்டது' என்று சொன்னால் அதற்கும் ஒரு விலை உண்டு. அவன் கடைசிவரை கேட்டான்.

"நீ பேச ஆரம்பிச்சா எனக்கு எதுத்துப் பேச வராதுடா. சரி."

தேனி மைதானத்தில், ஓட்டத்துக்குச் சற்று முன்புதான் கயிற்றை அவிழ்த்தேன். இலேசான புளித்த வாடை வந்தது; புதுச்சரக்கின் வாடை என்று எண்ணினேன். ஷூ வந்த நாள்போலவே வெள்ளையாக இருந்தது.

"யப்பா, ஃபாரின் ஷூவா? இது ஓடுமா, பறக்குமா?" என்றான் வரிசையில் நின்ற ஒருவன். அண்ணன் சிரித்தான்.

முதல் சுற்றில் அவன்தான் முன்னால். இரண்டாம் சுற்றில் அவன் ஓடிய தடத்தில் செம்மண்ணின் மேல் வெள்ளைத் துண்டுகள் விழுந்துகிடப்பதைக் கண்டேன். குதிங்காலுக்கு அடியிலிருந்த பாகம் நொறுங்கிக் கொட்டிக்கொண்டிருந்தது. கால் மடங்கியது. அவன் உட்கார்ந்து இரண்டையும் பிடுங்கி எறிந்துவிட்டு வெறுங்காலோடு ஓடினான். பழைய காயம் திறந்துகொண்டது. அவன் கோட்டைத் தொடும் முன்பே விசில் ஊதிவிட்டார்கள்.

"யாருய்யா டிராக்குல குப்பையப் போட்டது? பொறுக்கு!" என்று ஒரு காவலர் அதட்டினார். பொறுக்கினேன். விரலில் அழுத்தினால் மாவானது.

திரும்பும் பேருந்தில் அண்ணன் ஒரே ஒருமுறை பேசினான். "டூப்ளிகேட்டு. மாமா நம்மள ஏமாத்திட்டாக."

சில வாரங்கள் கழித்து, அதே பிரௌசிங் சென்டரில், ஷூ சேகரிப்பவர்களின் இணையப் பக்கம் ஒன்றில் படித்தேன். இவ்வகை அடிப்பாகம், ஈரமும் வெப்பமும் அடைபட்டுக் கிடந்தால் தானாகவே சிதையும். அவ்வப்போது போட்டு நடந்த ஜோடிகளே நெடுநாள் நிற்கும். இரண்டு முறை படித்தேன். வீட்டில் சொல்லவில்லை.

மாமா அடுத்த விடுப்பில் வந்த அன்று, அண்ணன் விடியும் முன்பே தோட்டத்துக்குப் போய்விட்டான். அம்மா காபியை வைத்துவிட்டு முகம் பாராமல் உள்ளே போனாள்.

"எங்கடா அவன்? அந்த ஷூவப் போட்டு ஓடுனானா?"

"ஓடுனான் மாமா."

"அத எதுக்குக் கேக்குற?" என்றாள் அம்மா அடுப்படியிலிருந்து. "எங்கன கெடந்த போலிச் சரக்கத் தூக்கிட்டு வந்தியோ! என் பிள்ள வாழ்க்க போச்சு."

மாமா என்னைப் பார்த்தார். எந்த அணிக்காகவும் எழுந்து பேசக்கூடியவன் என்று ஊருக்குள் என்னைப் பற்றிப் பெருமையாகச் சொன்னவர் அவர். நான் எழவில்லை. அவர் காபியைப் பாதியில் வைத்துவிட்டு வாசலுக்கு வந்தார்.

செருப்பை மாட்டும்போது என்னிடம் மட்டும் தாழ்ந்த குரலில் சொன்னார்: "அந்தப் பையன் ஒருதடவகூடக் கால்ல போடலடா. புத்தம் புதுசுடா அது."

"தெரியும் மாமா," என்றேன்.